பணம் எண்ணிய கை, பூனையாருக்குப் பாட்டு எழுதியது!

குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் வாழ்க்கைக் கதை

ஒரு தட்டு. அதில் எட்டு லட்டு. கிட்டு என்ற பையன் பாதியை எடுத்துக்கொள்கிறான். மிச்சப் பாதியை அவனுடைய தங்கை பட்டு தின்று தீர்த்துவிடுகிறாள். கடைசியில் தட்டு மட்டும்தான் பாக்கி!

இந்தப் பாட்டைப் பாடாத தமிழ்க் குழந்தை உண்டா? இன்றைக்குத் தாத்தா, பாட்டி ஆகிவிட்டவர்கள்கூடப் பள்ளிக்கூடத்தில் கையைத் தட்டிக்கொண்டு இதைப் பாடியவர்கள்தான். பாட்டின் ஒவ்வோர் அடியும் ஒரே ஓசையில் முடியும். அந்த ஓசைக்காகவே குழந்தை அதைத் திரும்பத் திரும்பப் பாடும். பாடப் பாட, பாதி என்றால் என்ன, எட்டிலே நாலு போனால் மீதி என்ன என்பது தானாகவே மனத்தில் பதிந்துவிடும். கணக்கு வாத்தியார் பிரம்பை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை!

பாட்டு எல்லோருக்கும் தெரியும். எழுதியவர் பெயர் பலருக்குத் தெரியாது. நாடோடிப் பாட்டு என்றே நினைத்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. ஒரு கவிஞருக்கு இது லாபமா, நஷ்டமா? லாபம் என்றுதான் சொல்ல வேண்டும். பெயர் மறந்த பிறகும் பாட்டு வாயில் நிற்கிறது அல்லவா?

அந்தக் கவிஞர்தான் அழ. வள்ளியப்பா. பகல் முழுவதும் பாங்கியில் வேலை பார்த்துவிட்டு, மீந்த நேரத்தில் காக்கைக்கும் பூனைக்கும் நாய்க்குட்டிக்கும் பாட்டுக் கட்டியவர்!

செட்டிநாட்டுப் பிள்ளை

காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் சாலையில் திருமயம் கோட்டை கம்பீரமாக நிற்கிறது. அந்தப் பக்கத்து நகரத்தார் ஊர்களில் ஒன்று இராயவரம். இன்று அது புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது. அந்தக் காலத்திலோ தொண்டைமான் மன்னர்களின் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது.

அந்த ஊரில் 1922-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி வள்ளியப்பா பிறந்தார். தகப்பனார் அழகப்பச் செட்டியார். தாயார் உமையாள் ஆச்சி. தகப்பனார் பெயரின் முதல் இரண்டு எழுத்துக்கள்தான் அவர் பெயருக்கு முன்னால் ‘அழ.’ என்று நிற்கின்றன. அழுகின்ற குழந்தைகளைச் சிரிக்க வைத்தவருக்கு முன்னெழுத்து ‘அழ’! இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் குறைவு.

செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும். பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். நடுவே முகப்பு, வளவு, பத்தி, அறைகள். தூண்களெல்லாம் பர்மாத் தேக்கு. ஆனால் அந்த வீட்டின் ஆண்கள் வீட்டில் இருக்கமாட்டார்கள்! ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கொண்டுவிற்கப் போயிருப்பார்கள். போனால் திரும்பி வர மூன்று வருஷம் ஆகும். வீட்டில் இருப்பவர்கள் ஆச்சிமாரும், அப்பத்தாமாரும், ஆயாமாரும், குழந்தைகளுமே.

இரவானால் குழந்தைகளுக்குக் கதைதான் துணை. அந்தக் கதைகளில் சிங்கம், புலியைவிட எலிக்குத்தான் மவுசு அதிகம்! வேடன் விரித்த வலையில் புறாக் கூட்டம் மாட்டிக்கொள்கிறது. புறாக்கள் வலையோடு பறந்து எலியின் வளைக்குப் போகின்றன. எலி தன் சிறு பல்லால் வலையை அறுத்துப் புறாக்களை விடுவிக்கிறது. இது பஞ்சதந்திரக் கதை.

இன்னொரு கதையும் உண்டு. ஒரு முனிவர் எலிக்குஞ்சு ஒன்றைப் பெண்ணாக்கி வளர்க்கிறார். உலகத்திலேயே பலசாலியான மாப்பிள்ளைக்குத்தான் அவளைக் கொடுப்பது என்று தீர்மானிக்கிறார். சூரியனைக் கேட்கிறார். சூரியனோ, தன்னை மறைத்துவிடும் மேகம் பெரியவன் என்கிறான். மேகம் காற்றைக் காட்டுகிறது. காற்று மலையைக் காட்டுகிறது. மலை என்ன சொன்னது தெரியுமா? தன்னையே குடைந்து வளை தோண்டும் எலிதான் தன்னைவிடப் பலசாலி என்று சொல்லிவிட்டது! பெண் மறுபடியும் எலியாகி எலிக்கே வாழ்க்கைப்பட்டாள்.

இந்தக் கதைகள் குழந்தைக்கு ஏன் பிடிக்கின்றன? வீட்டிலேயே மிகச் சிறியது குழந்தைதான். பெரியவர்கள் எல்லோரும் அதற்கு மலைபோலத் தெரிகிறார்கள். கதையிலாவது சிறியது ஜெயித்தால் அதற்குச் சந்தோஷம்! பக்கத்திலேயே பிள்ளையார்பட்டி. அத்தனை பெரிய பிள்ளையாருக்கு வாகனமோ சின்னஞ்சிறு மூஞ்சூறு. செட்டிநாட்டுக் குழந்தைக்கு எலி அந்நியமே அல்ல.

கதை சொல்ல ஆள் இருந்தது. படிக்கத்தான் புத்தகம் இல்லை. 1915-ல் பாரதியார் பாப்பாவுக்கு ஒரு பாட்டு எழுதினார். நாஞ்சில் நாட்டிலே கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பசுவையும் கிளியையும் பற்றி இனிய பாட்டுக்கள் எழுதினார். அவற்றை விட்டால், குழந்தைக்கென்று தமிழில் அச்சானது மிகக் குறைவு. பெரியவர்களுக்கு எழுதிய நீதி நூல்களையே குழந்தைகள் பொருள் தெரியாமல் உருப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

தட்டி தந்த பாட்டு

வள்ளியப்பா உள்ளூர்ப் பள்ளிக்கூடங்களில் படித்தார். அவருக்குப் பதின்மூன்று வயதிருக்கும். இராயவரத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் கடியாபட்டிக்கு ஒரு பேசும் படம் வந்தது. பேசும் படம் அந்த வட்டாரத்துக்குப் புதிது. பையன்கள் சும்மா இருப்பார்களா? மூன்று மைல் நடப்பது ஒரு பொருட்டா? வள்ளியப்பாவும் அவருடைய தோழர்களும் நடந்தே கிளம்பிவிட்டார்கள்.

வழியில் சினிமா விளம்பரத் தட்டி ஒன்று கண்ணில் பட்டது. அதில் இருந்த வாசகத்தை வள்ளியப்பா ராகம் போட்டுப் படித்தார். அதோடு விடவில்லை. அந்தச் சொற்களையே மாற்றிக் கோத்து, அடுத்த அடி, அதற்கடுத்த அடி என்று கட்டிக்கொண்டே போனார். தோழர்கள் கூடவே பாடினார்கள். பாட்டு நீண்டது, பாதை குறைந்தது! கடியாபட்டி வந்ததே தெரியவில்லை.

அதுதான் அவருடைய முதல் பாட்டு. மேஜை இல்லை, நாற்காலி இல்லை, பேனா இல்லை. நடக்கிற கால்களுக்கு ஏற்ற தாளம், கூட நடக்கிற பையன்கள் உடனே திருப்பிப் பாடக்கூடிய சொல், இவ்வளவுதான். பிற்காலத்தில் அவர் எழுதிக் குவித்த பாட்டுக்களுக்கும் இலக்கணம் இதுவே. கேட்டவுடன் வாயில் ஒட்டிக்கொள்ளாத பாட்டு குழந்தைப் பாட்டு ஆகாது.

அவருடைய படிப்பு பள்ளிக்கூடத்தோடு நின்றது. கல்லூரியில் சேர்ந்து பட்டம் வாங்கவில்லை. தமிழ்ப் புலவர் பரீட்சை எதுவும் கொடுக்கவில்லை. ஒருவிதத்தில் அதுவும் நல்லதாகவே போயிற்று. பண்டிதர் ஆகியிருந்தால், எட்டு லட்டைப் பற்றிப் பாடத் துணிந்திருப்பாரோ என்னவோ!

ஊர்க்காரர் காட்டிய வழி

1940-ம் ஆண்டு. வள்ளியப்பா வேலை தேடிச் சென்னைப் பட்டணத்துக்கு வந்தார். அங்கே அவருக்கு இடம் கொடுத்தவரும் ஓர் இராயவரத்துக்காரர்தான். அவர் ‘சக்தி’ வை. கோவிந்தன்.

கோவிந்தனைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பணம் சம்பாதிக்கப் பிறந்த குலத்தில், புத்தகத்துக்காகப் பணத்தை வாரி இறைத்த மனிதர் அவர். 1939-ல் ‘சக்தி’ என்ற மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். டால்ஸ்டாயையும் காந்தியையும் தமிழில் கொண்டுவந்தார். பாரதியார் கவிதைகளை 1957-ல் ஒன்றரை ரூபாய்க்குக் கொடுத்து நாட்டையே ஆச்சரியப்படுத்தினார். குழந்தைகளுக்காக ‘அணில்’ என்று ஒரு பத்திரிகை நடத்தினார். எலிக்கு அணில் ஒன்றுவிட்ட சகோதரன்தானே! முடிவில் நஷ்டமும் கடனும் அவரை அழுத்தின. 1966-ல் அவர் மறைந்தபோது கையில் மிஞ்சியது நல்ல பெயர் ஒன்றுதான்.

அந்தச் ‘சக்தி’ ஆபீஸில் வள்ளியப்பாவுக்குக் கிடைத்தது எழுத்து வேலை அல்ல; கணக்கு வேலை. காசாளராக உட்கார்ந்தார். ஆனால் பத்திரிகை ஆபீஸில் காற்றுக்கூட எழுத்து வாசனை வீசும். ஆசிரியராக இருந்தவர் தி.ஜ.ர. எளிய தமிழை எழுதுவதில் அவருக்கு இணை அவரேதான். காசுப் பெட்டியின் முன்னால் இருக்கும் இளைஞனிடம் சரக்கு இருப்பதை அவர் கண்டுகொண்டார். எழுதும்படி தூண்டினார். ‘ஆளுக்குப் பாதி’ என்ற கதை பிறந்தது. ‘சக்தி’யில் அச்சாகியும் விட்டது.

முதல் கதையின் பெயரைப் பாருங்கள். பிற்பாடு கிட்டுவும் பட்டுவும் எட்டு லட்டைப் பங்கிட்டதும் ஆளுக்குப் பாதிதான்!

பகலில் பணம், மாலையில் பாட்டு

அடுத்த ஆண்டே, அதாவது 1941-ல், வள்ளியப்பாவுக்கு இந்தியன் பாங்கியில் வேலை கிடைத்தது. 1907-ல் சென்னையில் ஏற்பட்ட அந்தப் பாங்கிக்கு நகரத்தார்களின் பணமும் ஆதரவும் தொடக்கத்திலிருந்தே துணையாக இருந்தன. செட்டிநாட்டுப் பிள்ளைக்கு அது வீட்டு வேலை மாதிரி. அங்கே அவர் 1982 வரை இருந்தார். நாற்பத்தொரு வருஷம்!

எழுத்தை நம்பி வேலையை விட்டவர்கள் உண்டு. வேலைக்காக எழுத்தை விட்டவர்கள் அதைவிட அதிகம். வள்ளியப்பா இரண்டையும் விடவில்லை. பகலில் கணக்குப் புஸ்தகம். பொழுது சாய்ந்தால் பாட்டுப் புஸ்தகம். மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்தபடியால், எழுத்துக்கு என்ன கூலி கிடைக்கும் என்று அவர் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. குழந்தைப் புத்தகத்தில் லாபம் வராது என்று எல்லோரும் ஒதுங்கிய காலத்தில் அவர் துணிந்து நின்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே சொல்லலாம். கோவிந்தனுக்கு நேர்ந்த கதி எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

1944-ம் ஆண்டு ‘மலரும் உள்ளம்’ வெளிவந்தது. அது யுத்த காலம். அரிசிக்கும் கட்டுப்பாடு, காகிதத்துக்கும் கட்டுப்பாடு. சிறிய புத்தகந்தான். மொத்தம் இருபத்துமூன்று பாட்டுக்கள். அந்தச் சிறு புத்தகம் பின்னால் நூற்றுக்கு மேற்பட்ட பாட்டுக்களோடு பெரிய நூலாக விரிந்தது. இரண்டாம் பகுதியும் வந்தது. அவர் ஆயுளில் எழுதிய பாட்டுக்கள் 2,000-க்கு மேல் என்று கணக்குச் சொல்கிறார்கள்.

இந்தப் பாட்டுக்களில் என்ன விசேஷம்? பூனையைப் பற்றிய ஒரு பாட்டைப் பார்ப்போம். பூனை மெள்ள மெள்ள அடி வைத்துப் போகிறது. குழந்தை அதை வழிமறித்து, எங்கே பயணம் என்று மரியாதையாக விசாரிக்கிறது. சாதுவைப் போல நடக்கும் பூனை போவது பால் சட்டியைத் தேடி! அங்கேயோ பால் கொதித்துக்கொண்டிருக்கிறது. நாக்குச் சுட்டுவிடும் என்று குழந்தை எச்சரிக்கிறது. அவ்வளவுதான் பாட்டு.

பெரியவர்கள் எழுதினால் என்ன செய்திருப்பார்கள்? திருடுவது பாவம் என்று நாலு வரி சேர்த்திருப்பார்கள். வள்ளியப்பா சேர்க்கவில்லை. பூனையைப் ‘பூனையார்’ ஆக்கினார். அந்த ‘ஆர்’ என்ற இரண்டு எழுத்து விகுதியில்தான் சூட்சுமம் இருக்கிறது. பெரிய மனிதர்களுக்குக் கொடுக்கும் மரியாதையைப் பிராணிக்குக் கொடுத்தால், குழந்தைக்கு வேடிக்கையாகவும் இருக்கிறது; பிராணியும் ஒரு மனிதராகிவிடுகிறது.

சீமையில் எலிக்கு நடந்த ராஜ உபசாரம்

தமிழ்க் குழந்தைகள் பாட்டுக்காகவும் படத்துக்காகவும் ஏங்கிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மேல்நாட்டுக் குழந்தைகளுக்கு என்ன கிடைத்தது? ஒரே ஓர் உதாரணம் போதும்.

லண்டனில் பீட்ரிக்ஸ் பாட்டர் என்று ஓர் அம்மையார் இருந்தார். சிறு வயதிலிருந்தே முயல், எலி எல்லாவற்றையும் வீட்டில் வளர்த்து, அவற்றைப் பார்த்துப் படம் போட்டவர். அவர் எழுதிய முயல் கதையை வெளியிடப் புத்தகக் கம்பெனிகள் மறுத்தன. அம்மையார் சளைக்கவில்லை. 1901-ல் தம் சொந்தப் பணத்தில் 250 பிரதிகள் அச்சிட்டார். மறு வருஷமே ஒரு கம்பெனி அதை ஏற்று, வண்ணப் படங்களுடன் வெளியிட்டது. புத்தகம் குழந்தையின் உள்ளங்கைக்கு அடங்க வேண்டும், விலையும் குறைவாக இருக்க வேண்டும் என்பது அம்மையாரின் பிடிவாதம்.

1903-ல் அவர் ஒரு தையற்காரரின் கதையை வெளியிட்டார். ஏழைத் தையற்காரர். நகரத் தலைவரின் கல்யாணத்துக்குக் கோட்டுத் தைக்க வேண்டும். துணியை வெட்டி வைத்துவிட்டுக் காய்ச்சலில் படுத்துவிடுகிறார். பூனை பிடித்து வைத்திருந்த எலிகளை அவர் முன்பு விடுவித்திருந்தார். அந்த எலிகள் நன்றி மறக்கவில்லை. இரவோடு இரவாகக் கோட்டைத் தைத்து முடிக்கின்றன. ஒரே ஒரு பொத்தான் துளை மட்டும் பாக்கி. ஏன்? நூல் போதவில்லை!

1904-ல் இன்னொரு புத்தகம். இரண்டு எலிகள் ஒரு பொம்மை வீட்டுக்குள் புகுகின்றன. மேஜை மேல் பிரமாதமான விருந்து! ஆனால் எல்லாம் சுண்ணாம்பில் செய்த பொம்மைப் பண்டங்கள். கோபம் வந்த எலிகள் தட்டுக்களை உடைத்துத் தள்ளுகின்றன. எந்தக் குழந்தைக்குத்தான் இது பிடிக்காது?

பாட்டர் அம்மையார் 1943-ல் காலமானார். இராயவரத்துக் கவிஞரின் முதல் பாட்டுப் புத்தகம் வந்தது 1944-ல். இருவரும் சந்தித்தவர்கள் அல்ல. ஆனால் குழந்தைக்குக் கொடுப்பது சிறியதாக இருக்கலாம், மட்டமாக இருக்கக் கூடாது என்ற எண்ணம் இருவருக்கும் பொது.

தமிழ்நாட்டில் அப்படி வண்ணப் படப் புத்தகம் போடுவது லேசான காரியமா? அந்தக் காலத்து அச்சகத்தில் எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டும். படம் என்றால் அதை உலோகத் தகட்டில் அரித்தெடுத்து, மரக்கட்டையில் அடித்து, ‘பிளாக்’ செய்ய வேண்டும். ஒரு நிறத்துக்கு ஒரு பிளாக். மூன்று நிறம் வேண்டுமானால் ஒரே காகிதம் மூன்று தடவை இயந்திரத்துக்குள் போய்வர வேண்டும். கொஞ்சம் விலகினால் கிளியின் சிவப்பு மூக்குக் கிளியைவிட்டு வெளியே போய் நிற்கும்! செலவோ அதிகம். வாங்குகிறவர்களோ அணாக் கணக்குப் பார்ப்பவர்கள். ஆகவே அட்டையில் மட்டும் வண்ணம், உள்ளே கறுப்பு மசிப் படம் என்று பலரும் திருப்தி அடைய வேண்டியிருந்தது.

படத்தில் குறைந்ததை ஓசையில் நிரப்பியவர் வள்ளியப்பா என்று சொன்னால் மிகையாகாது. ஈசாப் கதைகளையும் அவர் பாட்டாக்கி, ‘ஈசாப் கதைப் பாடல்கள்’ என்று கொடுத்தார். ஈசாப் என்றாலே சிங்கத்தைக் காப்பாற்றிய சுண்டெலியும், பட்டணத்து எலியும், நாட்டுப்புறத்து எலியும் நினைவுக்கு வரும். கிரேக்க நாட்டு எலியும் வலையைத்தான் அறுத்தது. நம் பஞ்சதந்திர எலியும் வலையைத்தான் அறுத்தது. உலகத்து எலிகளெல்லாம் ஒரே ஜாதி!

பூனைக்கு மணி கட்டியவர்

ஈசாப் கதைகளில் இன்னொன்று உண்டு. எலிகள் மாநாடு கூட்டுகின்றன. பூனையின் கழுத்தில் மணி கட்டினால் தப்பித்துக்கொள்ளலாம் என்று தீர்மானம் போடுகின்றன. யார் கட்டுவது என்று ஒரு கிழட்டு எலி கேட்கிறது. மாநாடு கலைந்துவிடுகிறது.

நாடு சுதந்திரம் அடைந்த புதிது. தமிழில் குழந்தைகளுக்கு நல்ல நூல்கள் இல்லையே என்று மேடைதோறும் பேசினார்கள். மணி கட்ட மட்டும் ஆள் வரவில்லை. 1950-ல் வள்ளியப்பா முன்வந்தார். குழந்தைகளுக்காக எழுதுகிறவர்களை ஒன்று சேர்த்து, ‘குழந்தை எழுத்தாளர் சங்கம்’ அமைத்தார். தலைவர் நாற்காலியில் அவர் உட்காரவில்லை. அதில் சக்தி கோவிந்தனை உட்கார வைத்துவிட்டு, ஓடியாடும் வேலையைத் தாம் எடுத்துக்கொண்டார்.

சங்கம் போட்டிகள் நடத்தியது. குழந்தைப் புத்தகக் காட்சிகள் நடத்தியது. பூவண்ணன், தம்பி சீனிவாசன் போன்ற எழுத்தாளர்கள் அதில் சேர்ந்து உழைத்தார்கள். குழந்தைக்கு எழுதுவது, பெரிய எழுத்து எழுத வராதவர்கள் செய்யும் வேலை என்ற எண்ணம் அப்போது பலமாக இருந்தது. அந்த எண்ணத்தை எதிர்த்து நிற்க ஒரு கூட்டம் கிடைத்தது.

பத்திரிகைகளும் கிளம்பின. ‘அணில்’ போயிற்று, ‘முயல்’ வந்தது என்று சொல்லும்படி எத்தனையோ சிறுவர் இதழ்கள்! புதுக்கோட்டையிலிருந்தே பல வந்தன. ‘பாலர் மலர்’, ‘டமாரம்’, ‘சங்கு’ ஆகியவற்றுக்கு வள்ளியப்பா கௌரவ ஆசிரியராக இருந்தார். ‘பூஞ்சோலை’யையும் நடத்திக் கொடுத்தார். பாங்கி வேலை முடிந்த பிறகுதான் இத்தனையும்.

பர்மா தந்த கதை

பாட்டோடு அவர் நின்றுவிடவில்லை. கதைகளும் எழுதினார். அவற்றில் புகழ் பெற்றது ‘பர்மா ரமணி’.

பர்மா என்ற சொல் செட்டிநாட்டு வீடுகளில் எப்படி ஒலிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. செல்வம் வந்தது அங்கிருந்துதான். போனதும் அங்கேதான். 1941-ம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் ரங்கூன்மீது குண்டு போட்டார்கள். 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் உயிருக்குப் பயந்து காட்டு வழியாக நடந்தே தாய்நாட்டுக்குக் கிளம்பினார்கள். வழியில் பசியிலும் நோயிலும் மாண்டவர்கள் ஏராளம். பெரியவர்கள் இதைப் பற்றி வாய்விட்டுப் பேச மாட்டார்கள். அந்தப் பெயரைச் சுமந்த ஒரு பையனைக் கதாநாயகனாக்கி, குழந்தைகள் விடாமல் படிக்கும் கதையாக அதைக் கொடுத்தார் வள்ளியப்பா.

அவருடைய நூல்களின் பட்டியல் நீளமானது. ‘நீலா மாலா’, ‘நல்ல நண்பர்கள்’, ‘வேட்டை நாய்’ என்று கதைகள். ‘சின்னஞ்சிறு வயதில்’, ‘பெரியோர் வாழ்விலே’ என்று பெரியவர்களைப் பற்றிய நூல்கள். காந்தியடிகளின் வரலாற்றைப் பாட்டாகவே சொன்னது ‘பாட்டிலே காந்தி கதை’. ‘கதை சொன்னவர் கதை’ என்று ஒரு நூல். குழந்தைகளுக்குக் கதை சொன்னவர்களின் கதையையே அதில் சொன்னார். மத்திய சர்க்காரும் தமிழ்நாட்டு சர்க்காரும் அவருடைய நூல்கள் சிலவற்றுக்குப் பரிசு கொடுத்தன.

நேஷனல் புக் டிரஸ்ட் நேரு பெயரில் குழந்தைகளுக்காகப் படப் புத்தக வரிசை ஒன்றை வெளியிட்டது. நல்ல படம், குறைந்த விலை, எல்லா மொழிகளிலும் ஒரே புத்தகம் என்பது திட்டம். தென்னாட்டு ஆறுகளைப் பற்றி வள்ளியப்பா எழுதிய ‘நமது நதிகள்’ அதில் இடம் பெற்றது. இந்திய மொழிகள் பலவற்றிலும் பெயர்க்கப்பட்டது. இராயவரத்தில் வற்றாத ஆறு கிடையாது, கண்மாயும் ஊருணியுந்தான். அந்த ஊர்க்காரர் எழுதிய ஆற்றுக் கதையை வங்காளத்துக் குழந்தையும் பஞ்சாப் குழந்தையும் படித்தார்கள்!

கடைசிப் பேச்சு

1982-ல் பாங்கியிலிருந்து ஓய்வு பெற்றார். அந்த ஆண்டு மதுரை காமராசர் பல்கலைக் கழகம் அவரைச் செம்மல் என்று பட்டம் கொடுத்துக் கௌரவித்தது. ஓய்வு என்பது பெயருக்குத்தான். ‘கோகுலம்’ இதழின் ஆசிரியராகச் சில ஆண்டுகள் உழைத்தார்.

ஒரே ஒரு குறை மட்டும் அவர் மனத்தில் இருந்துகொண்டே இருந்தது. கல்லூரியில் காவியம் பாடம், நாவல் பாடம், நாடகம் பாடம். குழந்தை இலக்கியம் மட்டும் பாடம் இல்லை! எல்லோரும் முதலில் கேட்பது தாலாட்டும் குழந்தைப் பாட்டும். அதை மட்டும் இலக்கியம் என்று சேர்ப்பதில்லை. பந்தியில் எல்லோருக்கும் இலை போட்டுவிட்டுக் குழந்தைக்கு மட்டும் இலை போட மறந்த கதைதான்.

மதுரை காமராசர் பல்கலைக் கழகப் பேரவையில் வள்ளியப்பா உறுப்பினராக இருந்தார். 1989-ம் ஆண்டு மார்ச் 16-ந் தேதி பேரவைக் கூட்டம் நடந்தது. கல்லூரி வாசலை மாணவராக மிதிக்காதவர், பேராசிரியர்கள் நிறைந்த அந்தச் சபையில் எழுந்தார். குழந்தை இலக்கியத்தைப் பல்கலைக் கழகத்தில் பாடமாக வைக்க வேண்டும் என்று வாதாடினார். பேசி முடித்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் மயங்கிச் சாய்ந்தார். உயிர் பிரிந்துவிட்டது. அப்போது அவருக்கு வயது அறுபத்தாறு.

நாற்பது வருஷங்களுக்கு மேல் எந்தக் காரியத்துக்காக உழைத்தாரோ, அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார்.

அதன் பிறகு சாகித்திய அகாதமி 2010-ம் ஆண்டு முதல் குழந்தை இலக்கியத்துக்கென்றே தனிப் பரிசு கொடுக்கத் தொடங்கியது. தமிழ் உட்பட எல்லா மொழிகளிலும் ஆண்டுதோறும் ஒருவருக்கு அந்தப் பரிசு கிடைக்கிறது. 2019-ம் ஆண்டு தமிழுக்கான பரிசைப் பெற்றவர் காரைக்குடி எழுத்தாளர் தேவி நாச்சியப்பன். அவர் வள்ளியப்பாவின் மகள்.